சுகரா சிஸ்டர் எழுதிக் கொடுத்த காகிதம்

எங்கள் தெருவில் சுகரா பேகத்தின் நாய்களை அப்புறப்படுத்தச் சொல்லி மனுக் கொடுத்தவர்கள் பதினெட்டுப் பேர். அதில் நான்காவது கையெழுத்து என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால், நல்லவன் வேஷம் போட்டுக்கொண்டு கதை சொன்னான் என்று நினைப்பீர்கள்.

என் பெயர் ஜெயகரன். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ். வாரத்தில் ஆறு நாளும் தோலோடும் ஆட்களோடும் மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து, வயிறாரச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கண்ணயரலாம் என்று படுத்தால் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பதினைந்து நாய்கள். ஒன்று ஆரம்பித்தால் மற்ற பதினான்கும் ஆமாம் போடும். அமைதியாக இருக்கும் என்றுதான் சத்துவாச்சாரியில் வந்து வீடு கட்டினேன். எரிச்சல் வராதா? வந்தது.

சுகரா பேகம் முப்பத்தாறு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. தெருவில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். ஆம்பூரில் தோல் தரகராக இருந்த கணவர் காலமாகி எட்டு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. கணவர் போன இரண்டாம் மாதம், பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் இடுப்பு ஒடிந்து கிடந்த ஒரு நாயை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். அது ஒன்பது நாள்தான் இருந்தது. அதற்குள் இன்னொன்று வந்துவிட்டது. அப்புறம் வருகை நிற்கவே இல்லை.

பாதிக்கு மேல் கொண்டுவந்து சேர்த்தவர் அமீர் பாஷா. பேரணாம்பட்டிலிருந்து தோல் லோடு அடிக்கும் மினி லாரி டிரைவர். அடிபட்டுக் கிடக்கும் எதையும் தாண்டிப் போக அவரால் முடியாது. வளர்க்கவும் முடியாது, வீட்டில் இடமில்லை. அதனால் சிஸ்டர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார்.

"சிஸ்டர், இன்னொரு கேஸ்."

"பெட் இல்ல பாஷா. எனக்கே முடியல."

"இல்லன்னா இது எங்க போவும் சிஸ்டர்?"

இதைக் கேட்டதும் சிஸ்டர் எழுந்து வருவார். கேட்டைத் திறந்துவிடுவார். திறக்கும்போது முகத்தில் கருணை ஒன்றும் வழியாது. சலிப்புத்தான் தெரியும். இரண்டு ஷிஃப்ட் பார்த்து முடித்தவரிடம் மூன்றாவது ஷிஃப்டும் பாருங்கள் என்று சொன்னால் முகம் எப்படிப் போகும், அப்படி.

கார் நிறுத்தக் கட்டிய கொட்டகைதான் வார்டு. ஷூ கம்பெனியில் கழித்த ஃபோமைக் கோணிக்குள் திணித்துத் தைத்த படுக்கைகள். ஒவ்வொன்றுக்கும் மேலே சுவரில் பெயின்டால் எழுதிய எண். நாய்களுக்குப் பெயர் கிடையாது. மூணாம் பெட், ஏழாம் பெட், பன்னிரண்டாம் பெட் என்றுதான் கூப்பிடுவார். அதுகளும் அதற்கே வாலாட்டும். எண்ணுக்குக் கீழே ஆணியில் ஒரு அட்டை தொங்கும். சாப்பிட்டதா, எத்தனை முறை வெளிக்குப் போனது, கட்டு எப்போது மாற்றினார், எல்லாம் அதில் இருக்கும். காலை ஆறு, மதியம் இரண்டு, மாலை ஆறு மணிக்கு ரவுண்ட்ஸ். கூட ஒரு ஆள் கிடையாது. ஆனாலும் ரவுண்ட்ஸ்.

இதில் இன்னொரு வேலையும் உண்டு. நாயின் எச்சில் பட்ட உடையோடு அவர் தொழ மாட்டார். ஆகவே நாய்களுக்கென்று ஒரு பழைய பச்சை கவுன். ஒவ்வொரு வேளைத் தொழுகைக்கும் அதைக் கழற்றி, கை கால் முகமெல்லாம் தேய்த்துக் கழுவி, வேறு உடை மாற்றி, தொழுது முடித்து, மறுபடியும் கவுன். ஒரு நாளைக்கு ஐந்து முறை. மூட்டுவலிக்காரர். அவர் தங்கை வீட்டார் வந்தால் வாசலோடு பேசிவிட்டுப் போவார்கள். டீ குடிக்க மாட்டார்கள். சிஸ்டரும் குடியுங்கள் என்று வற்புறுத்துவதை நிறுத்திவிட்டார்.

எங்கள் மனு மூன்று மாதம் கிடப்பில் கிடந்தது. பிறகு மாநகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்தார். தடுப்பூசிச் சீட்டெல்லாம் சரியாக இருந்தது. "சத்தம்னு மட்டும் சொன்னா எப்படிங்க? ஏதாவது நடந்திருக்கா? எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று எங்களைத்தான் திருப்பிக் கேட்டார். ஒன்றும் இல்லை. போய்விட்டார்.

ஏழாம் பெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்பட்டை நிறம், நடுத்தர வயது. தோல் பதனிடும் ஷெட்டில் மயிர் உதிர்வதற்காகத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிக்குள் விழுந்து எழுந்தது. முன்னங்கால் இரண்டும் வெந்து தோல் உரிந்துவிட்டது. ஐந்து மாதம் கட்டு மாற்றி, கட்டு மாற்றி, நடக்க வைத்திருந்தார். பரம சாது. ஆனால் முன்னங்காலைத் தொட்டால் மட்டும் கடித்துவிடும். சிஸ்டரையே நான்கு முறை கடித்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு நாய்கள் ஊளையிட்டு என் தூக்கத்தைக் கெடுத்தன. என் மனைவி கிரேஸி, "விடுங்க, இன்னைக்கு ஒருநாள் சண்டை வேணாம்" என்றாள். நான் கேட்கவில்லை. நேராகப் போய், கேட்டைத் திறந்து, உள்ளே நின்று கத்தினேன். சிஸ்டர் கொட்டகைக்குள் ஏதோ ஒன்றுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இருங்க சார், கை வேலையா இருக்கு."

"உங்களுக்கு எப்பவும் கை வேலைதான். நாங்க மனுஷங்களா இல்லையா?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று திரும்பி வந்துவிட்டேன். கேட்டை ஒரு கையால் தள்ளிவிட்டேன். கொக்கியைப் போடவில்லை. எனக்கு இருந்த கோபத்தில் கொக்கி ஞாபகம் வரவில்லை.

இருபது நிமிடம் கழித்து தெருவில் என் மகள் ஜெனிஃபாவின் அலறல். அவளுக்கு ஒன்பது வயது. வெளியே வந்து நின்ற ஏழாம் பெட்டுக்கு 'ஷேக் ஹேண்ட்' கொடுக்கக் காலைப் பிடித்திருக்கிறாள். அது மணிக்கட்டைக் கவ்விவிட்டது. நான் செருப்பு மாட்டிக்கொண்டு ஓடுவதற்குள் சிஸ்டர் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், தெருக் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்துவிட்டார். கால் மணி நேரம் கழுவினார். மூச்சு வாங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கும் அவரே கூட வந்தார். ஊசி போட்டுக்கொண்டு திரும்பினோம்.

வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் இருக்கும். சிஸ்டர் ஒரு கோடு போட்ட காகிதத்தை நீட்டினார்.

"இன்சிடெண்ட் ரிப்போர்ட் சார். அடுத்த ஊசிக்குப் போறப்ப டாக்டர்கிட்ட காட்டுங்க."

வாங்கிப் படித்தேன். நேரம், மாலை 4.20. கடித்தது, ஏழாம் பெட். தடுப்பூசி போட்ட தேதி. கடிபட்டவர் ஜெனிஃபா, வலது மணிக்கட்டு, இரண்டு பல் பதிந்த காயம். காரணம், கேட்டின் கொக்கி போடப்படவில்லை. பொறுப்பு, பணியில் இருந்த நான். கீழே முழுக் கையெழுத்து.

"இதையெல்லாம் எதுக்கு சிஸ்டர் எழுதுறீங்க?" என்றாள் கிரேஸி.

"தப்பு நடந்தா ஷிஃப்ட் முடியறதுக்குள்ள எழுதிடணும்மா. மருந்து மாறிப் போச்சு, பேஷண்ட் கட்டில்ல இருந்து விழுந்துட்டாங்க, எதுவா இருந்தாலும் ட்யூட்டியில இருந்தவங்கதான் எழுதணும். அப்படியே பழகிடுச்சு."

வேறு யாராக இருந்தாலும், தெருவில் எத்தனையோ நாய் திரிகிறது, கடித்தது எதுவோ என்று கையை விரித்திருப்பார்கள். யார் கேட்டார்கள் இந்த ரிப்போர்ட்டை? எனக்கோ அந்தக் கொக்கி வரியைத் தாண்டிக் கண் போகவில்லை. அது யார் போடாத கொக்கி என்று எனக்குத் தெரியும். அப்போதே சொல்லியிருக்கலாம். மகளின் கட்டைப் பார்த்தேன், வந்த வார்த்தையை விழுங்கினேன். மறுநாள் அந்தக் காகிதத்தை நகலெடுத்து தெருச் சங்கச் செயலாளரிடம் கொடுத்தேன். எழுத்தில் வேண்டும் என்றார்களே, கிடைத்துவிட்டது.

விசாரணைக்கு அதே அதிகாரி வந்தார். சிஸ்டர் வீட்டு முற்றத்திலேயே விசாரித்தார். தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றோம். காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அவர் சிஸ்டரைப் பார்த்தார். அந்த மனிதருக்கு உதவ மனம் இருந்தது, அது நன்றாகவே தெரிந்தது.

"இது நீங்க எழுதினதாம்மா?"

"ஆமா சார்."

"வந்து போனவங்க யாராவது கேட்டைத் திறந்து போட்டிருக்கலாம் இல்லையா? யோசிச்சுச் சொல்லுங்க."

சிஸ்டர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ட்யூட்டி என்னோடது சார்" என்றார்.

நான் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் இரண்டு நாய்க்கு மேல் வைக்கக்கூடாது, கடித்த நாய் அந்த இரண்டில் ஒன்றாக இருக்கக்கூடாது, பதினைந்து நாள் அவகாசம் என்று நோட்டீஸ் வந்தது.

பதினைந்து நாளும் சிஸ்டர் போன் பேசிக்கொண்டே இருந்தார். கலவைப் பக்கம் ஒரு மாந்தோப்புக்காரர் நான்கை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். விரிஞ்சிபுரத்தில் ஒரு டீக்கடைக்காரர் இரண்டு. ஆறு நாய்களுக்கு ஷெட் வாட்ச்மேன்களிடம் பாஷா இடம் பிடித்தார். தன்னிடம் வைத்துக்கொள்ள சிஸ்டர் தேர்ந்தெடுத்தது எவை தெரியுமா? கண் தெரியாத மூணாம் பெட். பின்னங்கால் இரண்டும் விளங்காத பன்னிரண்டாம் பெட். யாரும் சீண்டாத, வேலை ஜாஸ்தியான இரண்டு.

ஏழாம் பெட்டை ஒருவரும் கேட்கவில்லை. கடிநாய் என்று பெயர் வந்தாகிவிட்டது. கடைசியில், அது குழியில் விழுந்த அதே ஷெட்டின் வாட்ச்மேன்தான் சரி என்றார். வேறு வழியில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் பாஷா வண்டியைக் கொண்டுவந்தார். அன்று கம்பெனி அரை நாள். நான் என் வீட்டு மாடியில் நின்று பார்த்தேன். சிஸ்டர் ஒவ்வொரு நாயாக ஏற்றி, அதனதன் அட்டையை பாஷாவிடம் கொடுத்து, ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியாக ஏழாம் பெட்டைக் கூண்டில் ஏற்றினார்.

"அந்த வாட்ச்மேனுக்குப் படிக்கத் தெரியாதுன்னியே. முன்னங்காலத் தொடக் கூடாதுன்னு வாயால சொல்லு பாஷா. மறந்துடாதே."

"மூணு வாட்டி சொல்ட்டீங்க சிஸ்டர்."

பாஷா அண்ணாந்து என்னைப் பார்த்தார். "இன்னா சார், இனிமே நல்லா தூங்குவீங்க இல்ல?" என்றார். வண்டி கிளம்பித் தெரு முனையில் திரும்பிப் போனது.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கீழே இறங்கிப் போனேன். சிஸ்டர் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பச்சை கவுனைக்கூடக் கழற்றவில்லை.

"சிஸ்டர், அன்னைக்குக் கொக்கி போடாம வந்தது நான்தான்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா எழுதல? அதிகாரி கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

"நீங்க தள்ளிவிட்டுப் போனதைப் பார்த்தேன். கேட் சரியா சாத்தலைன்னும் பார்த்தேன். எழுந்து போய் போடணும். பத்தடி கூட இல்ல." முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "முடியல. அஞ்சு நிமிஷம் கழிச்சு போலாம்னு இதே ஸ்டூல்ல உட்கார்ந்துட்டேன். அப்படியே கண்ணு சொருகிடுச்சு. ட்யூட்டியில தூங்குனது நான். உங்க பேரை எப்படி எழுதுறது?"

நான் விடவில்லை. செய்த பாவத்தைக் கழுவிவிட எனக்கு அவசரம். "திங்கக்கிழமை லீவு போட்டுட்டு ஆபீஸுக்குப் போறேன் சிஸ்டர். நான்தான் திறந்து போட்டேன்னு எழுதிக் கொடுக்கறேன். மனுவுல இருந்து என் கையெழுத்தையும் வாபஸ் வாங்கறேன். நோட்டீஸை மாத்திடுவாங்க. பதிமூணையும் திருப்பிக் கொண்டாந்துடலாம்."

"வேணாம் சார்."

"இல்ல சிஸ்டர், நான் செய்றேன்."

"வேணாம்னு சொல்றேன் இல்ல!" அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. உடனே குரல் இறங்கிவிட்டது. "திரும்பி வந்துச்சுன்னா மறுபடியும் கேட்டைத் திறந்துடுவேன் சார். மாட்டேன்னு சொல்ல வராது எனக்கு. ஆனா என்னால முடியாது. ரெண்டு வருஷமா முடியல. யார்கிட்டயும் சொல்லல."

அவர் தெரு முனையைக் கை காட்டினார்.

"வண்டி அந்த முனையில திரும்புச்சு பாருங்க, ஏழாம் பெட் கூண்டுக் கம்பியில மூக்கை வச்சு என்னையே பார்த்துட்டுப் போச்சு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு சார். நான்லாம் என்ன மனுஷி?"

சொல்லிவிட்டுக் கவுன் முனையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆறுதல் சொல்லத் தகுதியில்லாத ஆள் நான். ஆனாலும் போகவும் மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பன்னிரண்டாம் பெட் முனகியது. அதைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டிய நேரம். சிஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலைப் பிடித்து எழுந்து போனார்.