பல் டாக்டர் கடைக்கு அம்மா போன நாள்

1962 கடைசி. சீனாவோடு யுத்தம் நடந்த சமயம். கொடைக்கானலில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்தேன். அப்பா இல்லை. வீட்டில் அம்மாவும் நானும்தான். அண்ணன் பட்டாளத்தில், வடகிழக்கு எல்லையில் இருந்தான்.

அவனிடமிருந்து கடிதம் நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் தந்தி வந்தது. போர்முனையில் காணவில்லை என்று ஒரே வரி. அம்மா அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய் முழங்கால் போட்டாள். எனக்கு ஜெபம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர், எதிரி நாட்டுத் தாய்மார்களுக்காகவும் ஜெபிப்போம் என்றார். நான் எழுந்து வெளியே வந்து மழையில் நின்றேன்.

பஜாரில் ஒரு சீனாக்காரர் பல் கட்டும் கடை வைத்திருந்தார். அவரும் மனைவியும் இருபது வருஷமாக எங்கள் ஊரில் இருந்தவர்கள். ஊரில் பொய்ப்பல் வைத்திருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் அவர் கட்டிய பல்தான். யுத்தம் ஆரம்பித்ததும் ஒருவரும் அந்தப் படி ஏறவில்லை. சர்க்கார் உத்தரவுப்படி அவர் தினமும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வருவார்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது, "டீச்சர், நம்ம பல் டாக்டரும் எதிரியா?"

"ஆமா. அந்த ஆளுங்கதான் எங்க அண்ணனைக் கொன்னுட்டாங்க" என்றேன்.

அண்ணன் செத்துவிட்டான் என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. முதலில் சொன்னது என் வாய்தான்.

அன்று சாயந்திரமே கடைக் கண்ணாடியைக் கல்லால் அடித்து நொறுக்கிவிட்டார்கள். அடித்தது என் வகுப்புப் பிள்ளைகள். ஒரு கண்ணாடிச் சில்லு தெறித்து அவர் மனைவியின் கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு அப்போது கடைவாய்ப் பல் வலி. கன்னம் வீங்கி, கிராம்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில், "வெள்ளனே கெளம்பு. பல்லப் புடுங்கணும்" என்றாள்.

"எங்கம்மா?"

"எங்கேன்னு ஒனக்குத் தெரியாதா?"

பஜாரில் பலசரக்குக் கடை பாய் எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "அங்கயா போறீங்க அக்கா? சனம் ஒரு மாதிரி பேசுமே."

"பேசட்டும் தம்பி. எனக்குப் பல்லு வலிக்குது."

கடைக்குள் போனதும் டாக்டர் பதறி எழுந்தார். "வேணாம் அம்மா. உங்க பிள்ளை விஷயம் கேட்டேன். எங்க கை உங்க மேல படவேணாம். மதுரைக்குப் போங்க."

அம்மா நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "எம் புள்ளை மேல பட்டது ஒங்க கை இல்லைங்க. வலி தாங்க முடியல, வெரசாப் புடுங்குங்க."

பிறகு கண்ணை மூடி, வீங்கிய வாயோடு சத்தமாக ஜெபித்தாள். "ஆண்டவரே, இவர் கைக்குப் பெலன் குடும். இவர் வீட்டம்மா கண்ணைக் காப்பாத்தும். எம் மகன் எந்தப் பனியில கெடக்கானோ, அவன் பக்கத்துல யாராவது ஒருத்தர் இருக்கட்டும். அது சீனாக்காரனா இருந்தாலும் சரி."

டாக்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்தார். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவின் ரத்தம் என் விரலில் வழிந்தது. கண்ணுக்குக் கீழே பஞ்சு ஒட்டியிருந்த அவர் மனைவி, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "புள்ளைங்களைத் தூண்டிவிட்டது நான்தாங்க. மன்னிச்சிருங்க" என்றேன்.

டாக்டர் தன் மனைவியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னித்தோம் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. "போயிட்டு வாங்க டீச்சர்" என்றார் டாக்டர், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வகுப்பில், நான் சொன்னது பொய், நான் செய்தது பாவம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். நாலைந்து பிள்ளைகள் அழுதார்கள். அதன் பிறகு ஒன்றிரண்டு பேர் அவர் கடைக்குப் போனார்கள். ஆனால் அது போதவில்லை. இரண்டு மாதத்தில் கடையை மூடிவிட்டு, ஆளுக்கொரு பெட்டியோடு வத்தலக்குண்டு பஸ் ஏறிவிட்டார்கள். அவர் பிறந்ததே கல்கத்தாவில்தான் என்று அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கே போனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

அண்ணன் இறந்தது உறுதி என்று பட்டாளத்திலிருந்து கடிதம் வந்தது. உடல் வரவில்லை. அம்மா கண்மூடும் வரைக்கும் குடும்ப ஜெபத்தில் அண்ணன் பெயருக்கு அடுத்து அந்த இரண்டு பேரையும் சொல்லாமல் விட்டதில்லை.

ஜெபிக்க வாய் வராத நாட்கள் எனக்கு இப்போதும் உண்டு. அப்படிப்பட்ட நாளில், ஊர் யாரை ஒதுக்கி வைத்திருக்கிறது என்று பார்த்து முதலில் அவர்கள் வாசலுக்குப் போய்விட்டு வருகிறேன், அப்புறம்தான் முழங்கால் போடுகிறேன்.