ஹேமா டீச்சர் ஒப்புக்கொண்ட தப்பு

ஹேமா டீச்சர் காலமான செய்தியைப் போன செவ்வாய்க்கிழமை பால் பூத் வரிசையில்தான் கேட்டேன். தன் பையனை அவரிடம் அழைத்துப்போன இன்னொரு தாய் சொன்னார். பால் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். பேச்சுப் பயிற்சிக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தில்லி பஸ்களில் இடிபட்ட நீங்கள் எல்லோரும் அவரை அறிவீர்கள்.

என் மகள் செல்விக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தபோது அவளுக்கு மூன்று வயது. மார்பில் காது கேட்கும் மிஷினைக் கட்டி, வயரைக் காதில் பொருத்தியபின் டீச்சர் ஒரு விதி சொன்னார்: வீட்டில் ஒரே மொழிதான் பேச வேண்டும், அதுவும் பள்ளிக்கூடத்து இந்தி. இரண்டு மொழி என்றால் குழந்தை குழம்பிவிடுமாம். என்னைப் போலத் தமிழ் பேசும் மதுரைக்காரரான டீச்சரே இப்படிச் சொல்கிறார் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். என் இந்தியோ காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற அளவுதான். வா, சாப்பிடு, சீக்கிரம் என்கிற 'ஆவோ, காவோ, ஜல்தி'யைத் தாண்டினால் வாயடைத்துவிடும். ஒன்றரை வருஷம் போயிற்று. செல்வி நாலைந்து சொல்லோடு நின்றாள். வீட்டில் ஒழுங்காகப் பயிற்சி தருவதில்லை என்று டீச்சர் கடிந்துகொண்டார். அன்று அழுதுகொண்டே பஸ் ஏறினேன்.

என்னதான் செய்கிறேன் என்று பார்க்க ஒரு ஞாயிறு வீட்டுக்கே வந்துவிட்டார். அடுக்களைத் தரையில் உட்கார்ந்தார். அவரிடம் தமிழில் ஓயாமல் பேசினேன். செல்வி பக்கம் திரும்பினால் இந்தி வராமல் பேச்சு நின்றுவிடும். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"தப்பு என்னோடதும்மா. எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே உங்க தலையில கட்டிட்டேன். பிள்ளை காதுல நாள் முழுக்க உங்க பேச்சு விழணும். தமிழ்லயே பேசுங்க."

அவருடைய மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. டீச்சர் அசரவில்லை. நானும் தோசை சுடுவதை, துணி மடிப்பதை எல்லாம் செல்வியிடம் சொல்லிச் சொல்லிச் செய்தேன். மழைக்காலம் முடிவதற்குள் "அம்மா, சூடு" என்றாள்.

அதன்பின் வருஷந்தோறும், தன்னிடம் ஆசிரியர் பயிற்சிக்கு வரும் பெண்களை எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவார். இந்தத் தாயின் ஒன்றரை வருஷத்தை நான் வீணாக்கினேன், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள் என்று என் எதிரிலேயே இந்தியில் சொல்வார். எனக்குக் கூசும். டீ போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுவேன்.

படிக்க வந்த பெண்களுக்கு முன்னால் தன் தப்பை எடுத்துச் சொன்ன அந்தக் குரலைத்தான் நான் மனசில் வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு ஞாயிறு வந்திருக்கக் கூடாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. செல்விக்குப் பதினைந்து வயதாகிறது. அவள் பேசுவது அக்கம்பக்கத்தில் பாதிதான் புரியும்; அவள் அப்பாவே சில சமயம் என் முகத்தைப் பார்ப்பார். ஒரு சொல் விடாமல் புரிந்துகொள்ள இரண்டு பேர் இருந்தோம், டீச்சர். இனி நான் ஒருத்திதான்.