உரக்கச் சொல்ல வேண்டிய பெயர்

பெரிசாத்துக்கு வாய் அதிகம். பிஷ்கெக்கில் மருத்துவக் கருவிகளுக்கு வணிகக்குறி பதிவு செய்து தரும் எங்கள் அலுவலகத்தில், அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத கம்பெனிக்காரன் கிடையாது. அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பெயரை மட்டும் வாயால் சொல்லமாட்டாள். மாமனார் பெயர். எங்கள் கிர்கிஸ் வீடுகளில் மருமகள் அதைச் சொல்வதில்லை. என் அப்பா பெயரை என் மனைவியும் சொன்னதில்லை. நானும் அதைப் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

மாமனார் மெதெர்பெக் நுரையீரல் நோயால் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவள்தான் பக்கத்தில் இருந்தாள். திடீரென்று மின்சாரம் போய் மூச்சுக் கருவி நின்றுவிட்டது. அவருக்குக் கண் செருகியது. ஆக்சிஜன் சிலிண்டர் எடுக்க ஓடிய நர்ஸ், "பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க, தூங்க விட்றாதீங்க!" என்று கத்திவிட்டுப் போனாள். இவள் அப்பா என்ற அர்த்தத்தில் "அத்தா, அத்தா" என்றே கூப்பிட்டாள். அந்த வார்டில் கிடந்த கிழவர்கள் எல்லாருமே யாருக்கோ அத்தாதான். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். இவர் பார்க்கவில்லை.

"வேற யாரையோ கூப்பிடுறேன்னு நெனச்சுட்டாருண்ணே. அதான் போயிட்டாரு" என்று என்னிடம் சொன்னாள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. வீட்டில் யாராவது இழுத்து மூச்சு விட்டாலே ஓடிப்போய் நிற்பாள். பார்க்கவே பயமாக இருக்கும்.

ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கும் அவள் புருஷன் தாலாய், பேட்டரியில் ஓடும் மூச்சுக் கருவி ஒன்றைச் செய்து, அதற்கு அப்பா பெயரையே வைத்தான். விண்ணப்பத்தை இவளே போட்டாள். எழுதத் தடையில்லையே. ஆனால் 'மெதெரா' என்ற குறியை வைத்திருந்த ஒரு கம்பெனி, இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கிறது என்று எதிர்ப்புத் தெரிவித்தது. விசாரணைக் குழு இரண்டு பெயரையும் காதால் கேட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்லும்.

"அப்பா பேரு இல்லேன்னா அந்தக் கருவியே வேணாம்" என்று தாலாய் ஒரே பிடியாக நின்றான்.

"எனக்குப் பதிலா நீங்க சொல்லிருங்கண்ணே" என்று பெரிசாத் என்னை விசாரணைக்குக் கூட்டிப் போனாள். குழுத் தலைவர் விடவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் சொல்ல வேண்டுமாம்.

"சொல்லுங்கம்மா."

நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"பேரே மறந்துபோச்சு போல" என்று சிரித்தான் எதிர்த்தரப்பு வக்கீல். அவன் சட்டையைப் பிடிக்கலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"மெதெர்பெக்" என்றாள் மெல்ல.

"கேக்கலம்மா. கொஞ்சம் உரக்க."

பெரிசாத் மேஜைமேல் குனிந்தாள். அங்கே காகிதங்கள்தான் இருந்தன.

"மெதெர்பெக்! மெதெர்பெக்! உங்களத்தான்! கண்ணத் தொறங்க!"

வக்கீலின் சிரிப்பு நின்றுபோனது. தலைவர் எழுந்துவிட்டார்.

"போதும்மா, கேட்டுருச்சு. ரெண்டும் வேற வேற பேருதான். பதிவு பண்ணிரலாம்."

"அவருக்குக் கேக்கலையே" என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.