மிலிட்டிரி ஜீப்பும் வேன் இஞ்சினும்

மெக்கானிக் தொழில்ல கையில ஒட்டற கரி சோப்புக்குப் போயிடும். வண்டிக்காரங்களோட அவசரம் ஒட்டிக்கிட்டா எதுக்கும் போகாது. ஒரு வண்டி இஞ்சினை இன்னொரு வண்டியில மாட்டி நொந்தவங்க யாராவது இதைப் படிச்சா, கொஞ்சம் பக்கத்துல வந்து உக்காருங்க.

மூணு தடவை

மழை விட்ட ஒரு திங்கட்கிழமை, வேங்கிக்கால்ல இருக்கற என் ஷெட்டுக்கு ஒரு டிராக்டர் பழைய மிலிட்டிரி ஜீப்பைக் கட்டி இழுத்துக்கிட்டு வந்துச்சு. ஜீப்புல ஸ்டியரிங் பிடிச்சு உக்காந்திருந்தவர் ஏழுமலை, பட்டாளத்துல டிரைவரா இருந்தவர். பக்கத்துல அவர் வீட்டுக்காரம்மா சரோஜா. கீழ்பென்னாத்தூர் தாண்டி, ஏரிக்கு அந்தப் பக்கம், நிலத்துலயே வீடு. அந்தம்மாவுக்குக் கிட்னி ரெண்டும் போயிடுச்சு. செவ்வாயும் வெள்ளியும் டவுன் ஆஸ்பத்திரியில டயாலிசிஸ். அந்தச் சேத்து வழியில ஆட்டோ வராது. ஏலத்துல எடுத்த இந்த ஜீப்பு ஒண்ணுதான் போகும் வரும்.

தொறந்து பார்த்தா இஞ்சினோட அடி உடம்பான பிளாக்கே வெடிச்சிருந்துச்சு. அந்த பெட்ரோல் இஞ்சினுக்கு இனி எங்கயும் சாமான் கிடைக்காது. உடைக்க வந்த வேன்ல இருந்து எடுத்த நல்ல டீசல் இஞ்சின் ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு. அதை மாட்டலாம், பத்து நாள் ஆகும்னேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் தாளெல்லாம் தான் பார்த்துக்கறேன், அதுவரைக்கும் டிராக்டர் டிரெய்லர்ல மெத்தை போட்டுக் கூட்டிட்டுப் போறேன்னார் ஏழுமலை. அந்தம்மா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாங்க. "பத்து நாள்னா டிராக்டர்ல எனக்கு மூணு தடவைண்ணா. அதை நெனப்புல வச்சுக்கிட்டு செய்யுங்க."

கரீம் பாய் பட்டறை

வேன் இஞ்சினும் ஜீப்பு கியர்பாக்ஸும் ஒண்ணோட ஒண்ணு சேராது; போல்ட் ஓட்டைங்க வேற வேற இடம். நடுவுல ஒரு இரும்புத் தகடு கடைஞ்சு வைக்கணும். அட்டையில அச்சு வெட்டி எடுத்துக்கிட்டு லேத் பட்டறை கரீம் பாய்கிட்ட ஓடினேன். அவர் அட்டையை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தார். மழை ஈரத்துல உப்பியிருக்கு, இதை நம்பினா மையம் மயிரிழை தள்ளும், கியர்பாக்ஸைத் தின்னுடும், ரெண்டு சாமானையும் தூக்கிட்டு வான்னார். அப்படின்னா ரெண்டு நாள் ஜாஸ்தி. நான் அந்தம்மா நிலைமையைச் சொல்லிக் கெஞ்சினேன். பாய் லேத்தை நிறுத்தினார். "நோயாளி உக்காரப் போற வண்டின்னு சொல்லிட்டே இல்ல? இனிமே என்னை அவசரப்படுத்தாத."

நாலு விரல் இடைவெளி

இதை நீங்களும் பண்ணியிருப்பீங்க, வெளிய சொல்ல மாட்டீங்க. ஜீப்பை ஸ்டாண்டு மேல தூக்கி நிறுத்தி இஞ்சினை இறக்கினேன். இஞ்சின் அடியில ஆயில் தேங்கற தொட்டி, அந்த சம்ப்புக்கும் முன் ஆக்சிலுக்கும் நடுவுல நாலு விரல் தாராளமா போச்சு. நிம்மதியா இஞ்சினைத் தாங்கற மவுண்டிங்குக்கெல்லாம் வெல்டு வச்சுட்டேன். சக்கரத்தைத் தரையில இறக்கினதும், அதுவரைக்கும் கீழ தொங்கிக்கிட்டிருந்த ஆக்சில் மேல ஏறி சம்ப்புல முட்டிக்கிட்டு நின்னுச்சு. வெல்டை அறுத்து, சம்ப்பை வெட்டி ஒட்டி, ஒரு முழு நாள் பாழ். ரெண்டாவது டிராக்டர் சவாரி முடிச்சு வழியில எட்டிப் பார்த்த ஏழுமலை, குனிஞ்சு எல்லாத்தையும் நிதானமா பார்த்தார். திட்டலை. "வண்டி தொங்கிக்கிட்டா மேஸ்திரி ஓடப் போவுது?"

இடது கால்

போன நாளையெல்லாம் ராத்திரி முழிச்சு ஈடு கட்டினேன். பத்தாம் நாள் வியாழக்கிழமை, சொன்ன வாக்குப்படி இஞ்சின் ஓடிடுச்சு. ஏழுமலை ஏறி உக்காந்து கிளட்சை மிதிச்சார். பாதிதான் போச்சு. மறுபடி மிதிச்சார். நெத்தி வேர்த்துடுச்சு. பட்டாளத்துல மலைப்பாதையில வண்டி கவுந்து இடது முட்டி போனவர் அவர். வேன் கிளட்ச்சு ஸ்பிரிங்கோ முரடு. பத்து நாளா என் கண்ணு முன்னாடிதான் நொண்டி நொண்டி நடந்தார். வண்டியில ஒரு ஓட்டை விடாம அளந்தவனுக்கு அந்தக் காலு தோணலை. டிரைவர் யாரையாவது வச்சுக்கலாமேன்னு சொல்லிட்டேன், சொல்லியிருக்கக் கூடாது. "விடியக்காலம் அந்தச் சேத்துல எறங்கி என் வீட்டுக்கு எவன் மேஸ்திரி வருவான்?"

மறுநாள் வெள்ளி

கிளட்சைத் தள்ளுற இரும்புக் கையை நீளமாக்கினா மிதி இளகும். அன்னிக்கே பாய் ஒரு துண்டு அடிச்சுக் கொடுத்தார், ஒட்டினேன். காலையில சரோஜாம்மா நாலாவது தடவையா டிரெய்லர்ல வந்து இறங்கினாங்க. அவங்க முகத்தை என்னால நேரா பார்க்க முடியலை.

ஏழுமலை மிதிச்சார், முழுசா போச்சு. வலிக்குதான்னு கேட்டேன். இல்லை, கிளம்பலாம்னார். நான் மிதியையே பார்த்துக்கிட்டிருந்தேன். அந்தம்மா அவர் உதட்டைக் கடிக்கறதைப் பார்த்துட்டாங்க. ஆஸ்பத்திரியில அவங்க முறைக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்துச்சு. ஏறப் போனவங்க இறங்கி, அங்க கிடந்த டயர் மேல உக்காந்துட்டாங்க. "பொய் சொல்றாருண்ணா. நான் இருக்கேன், நீங்க இன்னும் கொஞ்சம் இளக்குங்க."

இளக்கினேன், முறை தப்பறதுக்குள்ள போய்ச் சேர்ந்தாங்க. ஆனா நாப்பது வருஷம் வண்டிக்கு அடியிலயே படுத்துக் கிடந்தா, மேல உக்கார்றவங்க மட்டும் கண்ணுக்குத் தெரியாமப் போயிடறாங்க பாருங்க.