மஞ்சள் காருக்கு நான் ஊற்றிய தண்ணீர்

என் கணவர் ஒஸ்லோவில் நகர பஸ் ஓட்டியவர். பகல் முழுவதும் அந்த நீள வண்டியைத் தரிப்பிடம் தரிப்பிடமாக ஊர விட்டுக்கொண்டு போகிற மனிதருக்கு, நாற்பத்தாறு வயதில் ஒரு ஆசை வந்தது. இரண்டே கதவு, தரையோடு தரையாகக் குந்தியிருக்கிற, நின்றாலும் உறுமுகிற ஒரு ஜப்பான் பந்தயக் கார். பழையதுதான், ஆனால் மஞ்சள். நகர ஓரத்துக் குரோருட்டில் எங்கள் ஆறாம் மாடி யன்னலால் எட்டிப் பார்த்தால் அது ஒன்றுதான் கண்ணில் குத்தும். பிள்ளை இல்லாததுகள் காராவது வாங்கட்டும் என்று கோயிலில் யாரோ சொன்னதாக என் காதுக்கு வந்தது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தக் காரைக் கண்ணில் காட்டக்கூடாது. சனிக்கிழமைகளில் என்னைவிட அதோடுதான் அவர் கூடுதலாகக் கதைத்தார்.

அந்தக் காருக்குக் குளிர்காலம் ஆகாது. தெருவுக்குக் கொட்டுகிற உப்பு அடியைத் தின்றுவிடும். அதனால் ஒவ்வொரு வருடமும் முதல் பனிக்கு முன்னர் அதை வடக்கே ஒரு மணித்தியாலத் தூரத்தில், ஒரு நோர்வேக் கமக்காரரின் பழைய வைக்கோல் கொட்டகையில் கொண்டுபோய் விடுவார். சித்திரையில் போய் எடுத்து வருவார். இதை அவர் தனியாகத்தான் செய்வார். நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

2002 செப்ரெம்பரில் ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பை அவர் கையிலிருந்து வழுகி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழும்பவில்லை. பக்கவாதம். வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் ஒரே நேரத்தில் போயின. வைத்தியசாலையில் ஒரு இளம் டொக்டர் பேனையைக் காட்டி, இது பேனையா என்று கேட்டார். "யா" என்றார் இவர். அதே பேனையைக் காட்டி, இது கரண்டியா என்று கேட்டார். அதற்கும் "யா". நோர்வே மொழியில் ஆம் என்கிற அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. எவ்வளவு விளங்குகிறது என்று எங்களால் சொல்ல முடியாது, காலம்தான் சொல்லும் என்றார் டொக்டர்.

எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதில்தான். கை வராவிட்டால் போகட்டும், கால் வராவிட்டால் போகட்டும். இந்த மனிதர் உள்ளே இருக்கிறாரா, இல்லையா? பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், வீட்டில் உங்கள் தாய்மொழியில் அவரோடு நிறையக் கதையுங்கள், அது மிகவும் முக்கியம் என்று இரண்டு தரம் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

நவம்பர் தொடக்கத்தில் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். தடி ஊன்றி நடப்பார். நடந்து நடந்து யன்னலடிக்குப் போய், கீழே நிற்கிற காரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். குசினி அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் அவருடைய கையெழுத்தில் ஒரு கடுதாசி ஒட்டியிருந்தது. காரைக் குளிர்காலத்துக்கு வைக்கும்போது செய்ய வேண்டிய வேலைகள். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் வருவார்கள், வந்தால் அவரைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள், அதைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. நானே கொண்டுபோனேன். அவரைத் தனியே விட ஏலாது என்பதால் பக்கத்து இருக்கையில் ஏற்றிப் பட்டியைக் கட்டினேன்.

அதுவரை நான் அந்தக் காரைத் தொட்டதில்லை. கிளச்சை மிதிக்க இரண்டு கால் வேண்டும் போல இருந்தது. குரோருட் சந்திக்குள்ளேயே மூன்று தரம் நின்றுபோயிற்று. முதலாவது பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினேன். கடுதாசியில் முதல் வேலை, பெற்றோல் தாங்கியை நிரப்புவது. இரண்டாவது, ரேடியேற்றர் மட்டம் பார்ப்பது. முன்மூடியைத் தூக்கி, துணி சுற்றி ரேடியேற்றர் மூடியைத் திறந்தேன். உள்ளே எதுவும் கண்ணில் தெரியவில்லை. எங்கேயோ ஒழுகியிருக்க வேண்டும்.

இது எனக்குத் தெரிந்த வேலை. யாழ்ப்பாணத்தில் என் அப்பா வான் ஓட்டியவர். காலையில் முகம் கழுவ முதல் ரேடியேற்றருக்குத் தண்ணீர் விடுவார், வானுக்குள் எந்த நேரமும் ஒரு போத்தல் தண்ணீர் கிடக்கும். நிலையத்தின் சுவரோரம் தண்ணீர்க் கேத்தல் ஒன்று வைத்திருந்தார்கள். நிரப்பி வந்து ஊற்றினேன். குடித்தது. இன்னொன்று கொண்டுவந்து ஊற்றத் தொடங்கினேன். அதையும் குடித்தது. அந்த இரண்டு மாதத்தில் முதல்முறையாக ஒரு வேலையை எப்படிச் செய்வதென்று யாரையும் கேட்காமல் செய்கிறேன் என்று எனக்கு ஒரு சின்ன மிடுக்குக்கூட வந்தது.

அப்போதுதான் அவர் தொடங்கினார். இடக்கையால் காரின் முன்தட்டில் ஓங்கி ஓங்கி அடித்தார். "யா, யா, யா" என்று கத்தினார். நான் கதவைத் திறந்ததும் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். மற்றக் கார்களுக்குப் பெற்றோல் அடித்துக்கொண்டு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன.

"சும்மா இருங்கோ! உங்கடை காரை நான் திண்டிடுவனோ? சனம் பாக்குது."

அவர் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என் சட்டையை விடுவித்துக்கொண்டேன். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால். இரண்டாம் கேத்தலில் மிஞ்சியதையும் ஊற்றி, மூடியை இறுக்கி, வண்டியை எடுத்தேன். வழி முழுவதும் அவர் அழுதுகொண்டு வந்தார். பக்கவாதக்காரர் காரணம் இல்லாமல் அழுவார்கள் என்று வைத்தியசாலையில் தந்த புத்தகத்தில் இருந்தது. நான் தெருவைப் பார்த்து ஓட்டினேன்.

கொட்டகையில் மிச்ச வேலைகளைக் கடுதாசிப்படி செய்தேன். ரயருக்குக் கூடக் காற்று. எலி புகாதபடி புகைக்குழாய்க்குள் கம்பிப் பஞ்சு. கைப்பிரேக் போடக்கூடாது, போட்டால் ஒட்டிப் பிடித்துவிடும். பற்றறியைக் கழற்றிக் கமக்காரரிடம் கொடுத்தேன், வீட்டு நிலவறையில் வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். கடைசியில் இரண்டு பேருமாகத் துணிப் போர்வையை இழுத்து மூடினோம். கமக்காரரே எங்களை ரயில் நிலையத்தில் கொண்டுவந்து விட்டார்.

அந்தக் குளிர்காலம் பொல்லாதது. நோர்வேக்காரரே வாய்விட்டுச் சொன்னார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மூக்குக்குள் மயிர் உறைந்து குத்தும். சண்டை நின்று யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தாயிற்று என்று அந்த வருடம் தெரிந்தவர்கள் எல்லாரும் ஊருக்கு ரிக்கற் போட்டார்கள். நாங்களும் போவதாக இருந்தது. அதைப் பற்றி எனக்குக் கவலையும் வரவில்லை. எனக்கு ஒன்றும் வரவில்லை. அழுகை வரவில்லை, பசி வரவில்லை, கோபம்கூட அந்தப் பெற்றோல் நிலையத்தோடு முடிந்துபோயிற்று.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். அங்கே ஒரு ஒழுங்கு உண்டு. வாய் பேசாதவர், ஆளைத் தெரியாதவர், யாராக இருந்தாலும் தொட முதல் சொல்ல வேண்டும். இப்போது முகம் கழுவப் போகிறேன், இப்போது கையைத் தூக்கப் போகிறேன். நாள் முழுவதும் நோர்வே மொழியில் அப்படிச் சொல்லிச் சொல்லி வாய் உளைந்து வீட்டுக்கு வருவேன். வீட்டில் சொல்ல மாட்டேன். சோற்றைக் குழைத்து முன்னால் வைப்பேன். தின்று முடிந்ததும் கோப்பையை எடுப்பேன். சட்டையைக் கழற்றுவேன், மாட்டுவேன். கதைத்து என்ன பயன்? என்ன கேட்டாலும் "யா"தானே.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தொலைபேசி அட்டை சுரண்டி, கனடாவில் இருக்கிற என் அக்காவோடு கதைப்பேன். ஒரு மணித்தியாலம், சில நேரம் அதற்கு மேலும். தொலைபேசி இருந்தது இருப்பறையில். அவர் மூன்றடி தள்ளிச் சோபாவில் இருப்பார். அக்கா முதலில் அவரைத்தான் கேட்பாள்.

"ஏதும் விளங்குதோடி அவருக்கு?"

"ஒண்டும் விளங்கிறேல்லை அக்கா. மரக்கட்டை மாதிரி இருக்கிறார். நானும் ஒரு மரக்கட்டைக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டு இருக்கிறன்."

ஒரு நாள், தை மாதமாக இருக்க வேண்டும், இப்படிச் சொன்னேன்: "உப்பிடிக் கிடக்கிறதுக்கு அண்டைக்கே போயிருக்கலாம் அக்கா. அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி." அக்கா "வாயைக் கழுவடி" என்று ஏசினாள். நான் அதைத் துக்கத்தில்கூடச் சொல்லவில்லை. கடையில் பால் முடிந்துபோயிற்று என்று சொல்வது போலச் சொன்னேன்.

சித்திரை கடைசியில் கமக்காரர் தொலைபேசி எடுத்தார். காருக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருக்கிறது, ஒருக்கால் வந்து பாருங்கள் என்றார். வீட்டு உதவிக்கு வருகிற பெண்ணை அவரோடு இருத்திவிட்டு நான் ரயிலில் போனேன். அந்த ஊர் கராஜ்காரர் ஒருவர் எனக்கு முன்னமே வந்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு காருக்குக் கீழே படுத்திருந்தார். நெடுநேரம் கழித்து வெளியே வந்து, கையைத் துடைத்தார்.

"இதற்குள் வெறும் தண்ணீர் விட்டது யார்?"

நான்தான் என்றேன். அவர் ஏசவில்லை. இந்த நாட்டில் ரேடியேற்றருக்கு உறையாத திரவம் விட வேண்டும், வெறும் தண்ணீர் உறைந்தால் பருக்கும், பருத்தால் இரும்பையும் பிளக்கும் என்று நிதானமாகச் சொன்னார். விரலை நீட்டி இடத்தைக் காட்டினார். இயந்திரத்தின் பக்கவாட்டில் என் சாண் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. பதினான்கு வருடம் இந்த நாட்டில் இருந்திருக்கிறேன். முன்கண்ணாடி கழுவுகிற தண்ணீருக்கே நீலத் திரவம் கலந்து விடுகிறார்கள் என்று தெரிந்தவள். ரேடியேற்றர் என்றதும் புத்தி யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது.

"உங்கள் கணவர் பஸ் சாரதி என்று கமக்காரர் சொன்னாரே," என்றார் கராஜ்காரர். "அவருக்கு இது கட்டாயம் தெரிந்திருக்குமே. ஊற்றும்போது அவர் பக்கத்தில் இருக்கவில்லையா?"

"இருந்தார்," என்றேன்.

கார் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. கமக்காரர் கோப்பி குடிக்கக் கூப்பிட்டதும், நான் வேண்டாம் என்று ரயிலடிக்கு நடந்ததும் அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. மூடியைத் துணியால் பிடித்துத் திறந்தேன், கேத்தலைத் தூக்கினேன், அவர் அடித்தார். கரண்டிக்கும் பேனைக்கும் வித்தியாசம் தெரியாது என்று நான் முடிவு கட்டிய மனிதர், நவம்பர் மாதத்தில் ஒரு இயந்திரத்துக்குள் வெறும் தண்ணீர் போனால் மாசியில் என்ன நடக்கும் என்று தெரிந்து அடித்தார். டொக்டரால் தர முடியாத பதிலை அவரே தந்திருக்கிறார். நான் சனம் பார்க்கிறது என்று விரலைப் பிரித்துவிட்டேன்.

சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஒரு நிமிடம் சந்தோசமும் வந்தது. ரயில் ஒஸ்லோவை நெருங்க நெருங்கத்தான் ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்தன. பேச்சுப் பயிற்சி நோர்வே மொழியில். வீட்டு உதவி நோர்வே மொழியில். தொலைக்காட்சி நோர்வே மொழியில். நான் அவரோடு வாயே திறக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்த வீட்டில் அவர் கேட்ட தமிழ், நான் அக்காவோடு கதைத்தது மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து உதவிப் பெண்ணை அனுப்பினேன். அவர் சோபாவில் இருந்தார். மேலங்கியைக் கழற்றாமல் முன்னால் நிலத்தில் குந்தினேன். தமிழில் அவரிடம் ஒரு முழு வசனம் சொல்லி எத்தனை மாதம் ஆயிற்று என்று தெரியவில்லை. வாய் கூசியது.

"இஞ்சேருங்கோ. கார் போச்சுது. எஞ்சின் வெடிச்சுப் போச்சுது. நான் தண்ணி விட்டதாலைதான். நீங்கள் அண்டைக்கு வேண்டாமெண்டு சொன்னனீங்கள், என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். ஆம் என்று தலையை அசைத்தார். முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நல்லது என்று பட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. இல்லை என்று ஒரு பதில் வந்துவிடாதா என்று, சின்னப் பிள்ளை போலக் கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமையளிலை நான் அக்காவோடை கதைச்சது… அது உங்களுக்குக் கேக்கேல்லைத்தானே?"

அவர் வாயைத் திறந்தார். உதடு கோணியது, மூடினார். இடக்கையால் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி திறந்தார். "யா"தான் வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். வந்தது தமிழ். ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் தமிழ்ச் சொல்.

"கேட்டது."