பனிவழியே வந்த மஞ்சட் செடி

மார்கழியின் கடைசி நாள், காலை ஐந்து மணி. மொன்றியல் நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் என் மகள் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தின் பின்முற்றத்தில், முழங்கால் புதையும் பனியில் நின்று திருநீறு பூசிக்கொண்டேன். வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே பத்தொன்பது பாகை. வேட்டிக்கு மேல் தடித்த காற்சட்டை, அதற்கும் மேல் மருமகன் இரவல் தந்த பனியுடுப்பு. என்னுடையதென்று சொல்ல நெற்றி ஒன்றுதான் வெளியே தெரிந்தது. சற்று நேரத்தில் அதையும் தலைக்கவசம் மூடிக்கொண்டது.

நான் ஏறவிருந்தது மோட்டார் சைக்கிளில். இந்த நகரத்து மோட்டார் சைக்கிள்கள் குளிர் தொடங்கியதும் கொட்டகைகளுக்குள் போர்வை போர்த்து உறங்கிவிடுகின்றன. சித்திரையில்தான் கண் விழிக்கின்றன. எங்கள் தெருவில் இதற்கு விலக்கு, கீழ்த்தளத்தில் குடியிருக்கும் சூசைதாசனின் வண்டி மட்டுமே. சூசைதாசன் மன்னார் பேசாலையைச் சேர்ந்த கத்தோலிக்கர், ஐம்பது வயதைக் கடந்தவர். ஜான்-டலோன் சந்தையில் நம்மவர் சமையலுக்கும் சடங்குக்கும் வேண்டிய காய், கிழங்கு, இலை விற்கும் சிறு கடையொன்றை நடத்துகிறார். குளிர்காலம் முழுவதும் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தூரத்தை இவ்வண்டியிலேயே போய் வருகிறார். நான் இங்கு வந்த நாள் முதல் விடியலில் அதன் ஒலி கேட்டுத்தான் எழுகிறேன். ஒருநாள் என்னையும் அழைத்துச் செல்வீரா என்று கேட்டேன்.

"ஏன் ஐயா, கால் முறிஞ்சுதான் ஊருக்குத் திரும்பவேணும் எண்டு ஏதும் நேர்த்திக்கடனோ?" என்று சிரித்தார். பிறகு ஒரு கணம் யோசித்து, "பொங்கலுக்கு முதல் நாள் வாங்கோ. அண்டைக்கு எனக்குப் பாரமும் வேணும், ஆளும் வேணும்" என்றார்.

பாரம் என்றதன் பொருள் வண்டியைப் பார்த்ததும் விளங்கியது. அதன் வலப்பக்கத்தில், ஒருவர் கால் நீட்டி அமரக்கூடிய பெட்டியொன்று தனிச் சக்கரத்தோடு பூட்டப்பட்டிருந்தது. சைட்கார் என்கிறார்கள். பனியில் இரு சக்கரத்தில் போகிறவர் விழாமல் தப்புவது அரிது. மூன்றாவது சக்கரம் அந்த அச்சத்தைப் போக்குகிறது. ஆயினும் பெட்டி வெறுமையாயிருந்தால், வலப்புறம் திரும்பும்போது அது நிலத்தைவிட்டு எழும்பிவிடுமாம். அதற்காக வழக்கமாக மணல் மூட்டைகள் இரண்டை ஏற்றுவார். அன்று அம்மூட்டைகளின் பதவி எனக்குக் கிடைத்தது.

அவர் அவ்வண்டியைப் பேணும் முறையைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மாலையில் வீடு திரும்பியதும், பனியை உருக்கத் தெருவில் தூவிய உப்பு சங்கிலியிலும் அச்சிலும் ஒட்டியிருப்பதை வெந்நீரில் நனைத்த துணியால் துடைக்கிறார். பின் எண்ணெய் பூசுகிறார். மின்கலத்தைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், கிறிஸ்து பிறப்புக்கு அமைத்த பாலன் குடிலின் அருகில் வைத்து மின்னேற்றுகிறார். நீராட்டு, எண்ணெய்க் காப்பு, பள்ளியறை என்று கோயிலில் நாள் தவறாது நடக்கும் உபசாரங்களையே இங்கும் கண்டேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

"ஐயோ, மெல்லமாச் சொல்லுங்கோ. என்ர மனிசிக்குக் கேட்டுதெண்டா முடிஞ்சுது! தனக்கு இந்த உபசாரம் இல்லையெண்டு ஏற்கெனவே வழக்கு நடக்குது."

புறப்படுமுன் அவர் தந்த கட்டளைகள் மூன்று. "வலப்பக்கம் திரும்பேக்க நீங்களும் வலப்பக்கம் சாயுங்கோ. மற்ற நேரம் அசையாமல் இருங்கோ. நீங்கள் கதைச்சா எனக்குக் கேளாது. நிப்பாட்டவேணும் எண்டா பெட்டி விளிம்பில ரெண்டு தரம் தட்டுங்கோ, எனக்குத் தெரியும்."

"ஓம் தம்பி" என்றேன். மூன்றும் எளிதாகவே தோன்றின.

அன்றைய பயணத்தின் அவசரத்தையும் அவர் மறைக்கவில்லை. ஆறு மணிக்கு ரொறன்ரோவிலிருந்து பொங்கற் பொருள்கள் லொறியில் வருகின்றன. கரும்பு, வெற்றிலை, இஞ்சிச் செடி, எல்லாவற்றுக்கும் மேலாக இலையும் கிழங்குமாய் மஞ்சட் செடி. கடையைப் பூட்டிய திறப்பு அவர் கையில். லொறிக்காரர் காத்திருக்கமாட்டார், இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுவார். இந்தக் குளிரில் பச்சை இலை வெளியே சில நிமிடமும் தாங்காது. முதல் மெட்ரோவைப் பிடித்தால் சந்தையை அடைய ஆறேகாலாகும். கார்களோ, இரவெல்லாம் பனி வாரிய வண்டிகள் ஒதுக்கிய குவியல்களுக்குள் புதைந்து கிடந்தன. மறுநாட் பொங்கலுக்கு அவர் கடையை நம்பி நூறு குடும்பங்களாவது இருக்கும். ஆண்டில் அவருக்குப் பெரிய வியாபாரமும் அந்த ஒருநாள்தான்.

ஐந்தேகாலுக்கு டெக்கரி வீதியில் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். எங்களுக்கு இடப்பக்கம், நிலத்தைத் தோண்டி இறக்கிய நெடுஞ்சாலையில், கார்களின் விளக்குகள் ஆறுபோல் ஓடின. தெருவில் நிறுத்திய கார்களை அகற்றச் சொல்லி எங்கோ ஓர் இழுவை வண்டி ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பனி விழுந்தவண்ணமே இருந்தது. விடியலில் இறைவனைத் துயிலெழுப்பிப் பாடும் நம் பாடல்களில் பனி வரும். அது புல் நுனியில் நிற்கும் துளி. இங்கோ வீடும் மரமும் கோபுரமும் ஒரே வெண்ணிறத்தில் பேதமற்றுக் கிடந்தன. உலகம் முழுவதற்கும் ஒருவன் திருநீறு சாத்திவிட்டான் என்றே என் அறிவுக்குப் பட்டது.

முள் பதித்த ரயர்கள் உறைபனியைக் கறுக்குக் கறுக்கென்று கடித்துச் சென்றன. சூசைதாசன் வண்டியை அதட்டவில்லை. திருப்பங்களுக்கு வெகு தூரம் முன்பே வேகத்தைத் தளர்த்தி, நிறுத்தவேண்டிய இடத்தில் தடையை அழுத்தாமல் வண்டி தானே ஓயும்படி விட்டு, கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல் நிறுத்தினார். ஜான்-டலோன் வீதியில் சிவப்பு விளக்கொன்றில் நின்றபோது, அருகில் நின்ற பேருந்தின் சாரதி கண்ணாடியை விலக்கி ஏதோ கூவினார். சூசைதாசன் முகக் கண்ணாடியை உயர்த்தி, பிரெஞ்சு மொழியில் மறுமொழி சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"எனக்கு விசரோ, பைத்தியமோ எண்டு கேக்கிறார்."

"என்ன சொன்னீர்?"

"எனக்கு மட்டுமில்லை, பெட்டிக்குள்ள இருக்கிறவருக்கு என்னைவிடக் கூட எண்டு சொன்னனான்."

பேருந்துச் சாரதி என்னைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தினார். நான் கைகூப்பினேன்.

பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதியைத் தாண்டும்போது மணி ஐந்தே முக்கால். அச்சம் முழுவதும் அகன்றுவிட்டது. மார்கழி விடியற் பாடல்களை அன்றோடு நிறைவு செய்யவேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. தலைக்கவசத்துக்குள் மெல்லத் தொடங்கினேன். இன்னிசையை இயந்திரம் விழுங்கிற்று; அடியேனுக்கு மட்டும் கேட்டது. ரயில் பாலத்தின் அடியில் வீதி தாழ்ந்து மறுபுறம் ஏறுகின்ற இடம் வந்தது. இரண்டாம் பாடலில் உருகிப்போய், அறுபது ஆண்டுப் பழக்கத்தால் என் வலக்கை தாளம் போட்டது. போட்டது தொடையில் அன்று, பெட்டியின் விளிம்பில்.

வண்டி நின்றுவிட்டது.

"என்னய்யா? ஏலாமல் வருதோ? நெஞ்சு நோகுதோ?" சூசைதாசன் இறங்கி ஓடிவந்து என் முகக் கண்ணாடியைத் தூக்கினார். அவர் கண்களில் இருந்தது உண்மையான கலக்கம்.

"இல்லைத் தம்பி… நான் பாடினனான். தாளம்…"

அவர் என்னைப் பார்த்தார்; பாலத்தைப் பார்த்தார்; ஏற்றத்தைப் பார்த்தார். "நல்ல இடம் பாத்துத்தான் தாளம் போட்டியள்" என்று மட்டும் சொன்னார்.

அது ஏற்றத்தின் நடுப்பகுதி. கண்ணாடிபோல் உறைந்த தரை. அவர் மீண்டும் கிளப்பினார். பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுழன்றது. வண்டி முன்னேறாமல் பக்கவாட்டில் நழுவியது. நான் இறங்கித் தள்ளினேன். என் காலும் நழுவியது. மூன்று சக்கரம் இருந்தாலும் இயந்திரம் உந்துவது பின்சக்கரம் ஒன்றைத்தான் என்று அப்போதுதான் அறிந்தேன். இதற்குள் உப்பும் கல்மணலும் தூவும் மாநகர லொறியொன்று செம்மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு பின்னால் வந்து நின்றது. இறங்கிய பெண் சாரதி ஏசப்போகிறார் என்று அஞ்சினேன். அவரோ "போன்ஜூர்" என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, மண்வெட்டியால் மணலை வாரிப் பின்சக்கரத்தின் முன் வீசினார். பின் சூசைதாசனிடம் ஏதோ சொல்லி, என்னையும் பின்னிருக்கையையும் மாறி மாறிச் சுட்டினார்.

"ஐயா, உங்களைப் பெட்டிக்குள்ள வேண்டாமாம். எனக்குப் பின்னால ஏறட்டாம். பாரம் பின்சில்லில விழவேணும். சரியாத்தான் சொல்லுது மனிசி. ஏறுவியளோ?"

எழுபத்து மூன்றாம் வயதில் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஏறுவது சுலபமன்று. அந்தப் பெண் என் காலைப் பிடித்துத் தூக்கிவிட்டார். சூசைதாசனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்களை மூடினேன். முள் ரயர் மணலைப் பற்றியது; வண்டி முனகி, அசைந்து, ஏறிற்று. மேட்டில் மீண்டும் என்னைப் பெட்டிக்கு மாற்றிவிட்டு அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறைக் கடந்திருந்தது. சந்தைக்குள் திரும்பும் வளைவில், என்னால் இயன்ற மட்டும் வலப்புறம் சாய்ந்தேன்.

லொறி கடை வாசலில் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. ஒரு பெட்டி ஏற்கெனவே பனிமேல் இறங்கியிருந்தது; இரண்டாவது லொறிக்காரரின் கையில் இருந்தது.

"எங்கையண்ணை போனனீங்கள்? போன் அடிச்சு அடிச்சு என்ர விரல் விறைச்சுப் போச்சு! எனக்கு லவாலில இன்னும் ரெண்டு கடை கிடக்கு."

"பாலத்தடியில சறுக்கிப் போச்சு தம்பி" என்றார் சூசைதாசன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கதவைத் திறந்து மூவருமாகச் சுமந்தோம். கரும்பு, வெற்றிலை, இஞ்சி, இரண்டு மூன்று பெட்டி மஞ்சட் செடி எல்லாம் லொறியின் வெதுவெதுப்பிலிருந்து கடையின் வெதுவெதுப்புக்குச் சேதமின்றி வந்து சேர்ந்தன. பனியிற் கிடந்த பெட்டியை அவர் கடைசியாகத் திறந்தார். அதிலும் மஞ்சட் செடிகள். பச்சைப் பசேலென்றிருந்தன. "தப்பீட்டுது தம்பி" என்றேன்.

"பொறுங்கோ" என்றார்.

விறைப்பாய் நின்ற இலைகள் கடையின் சூட்டில் மெல்லத் தளர்ந்தன. பச்சை நிறம் ஈரக் கருமையாக மாறியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டி முழுவதும் அவிந்த கீரையாயிற்று. மற்றப் பெட்டிகள் பிழைத்தன. இந்த ஒன்று பிழைக்கவில்லை.

சூசைதாசன் ஒரு செடியை எடுத்துக் கிழங்கை நகத்தால் கீறினார். உள்ளே பொன்னிறம். "கிழங்குக்கு ஒண்டுமில்லை. ஐயா, நீங்கள் பூசை முறை தெரிஞ்சவர். இதைப் பானையில கட்டலாமோ? எங்கட ஆக்களின்ர சடங்கெண்டா நான் பாதிரியாரைக் கேப்பன். இதுக்கு உங்களைத்தான் கேக்கவேணும்."

ஆமென்றால் அவருக்கு நட்டமில்லை. அந்த நட்டமும் என் கைத்தாளத்தால் வந்தது. ஆயினும் தெய்வ காரியத்தில் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "ஊரில கட்டமாட்டம் தம்பி. இலை பச்சையா இருக்கவேணும்" என்றேன்.

"அப்ப விக்கக் கூடாது." அவ்வளவுதான். பெட்டியை அப்படியே எடுத்துப் பின்பக்கம் வைத்துவிட்டு, நல்ல செடிகளைக் கட்டுக்கு ஐந்து டொலர் என்று எழுதி முன்னால் அடுக்கத் தொடங்கினார். விலையைக் கூட்டவில்லை. எனக்குச் சுடச்சுடத் தேநீர் வார்த்துத் தந்தார். எத்தனையோ தலங்களுக்கு நடந்திருக்கிறேன். தன் பொருள் அழிந்த இடத்தில் இத்தனை அமைதியாய் நின்ற மனிதரை அதிகம் கண்டதில்லை.

ஏழரை மணிக்கு மெட்ரோவில் வீடு திரும்பப் புறப்பட்டபோது, பின்பக்கம் போய் அந்தக் கருத்த செடிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

"அது ஏனய்யா? நல்லதில ஒண்டு எடுங்கோ, காசு வேண்டாம்."

"விக்கத்தானே கூடாது எண்டனீர்" என்றேன். "எனக்கு இதுதான் வேணும்."

மறுநாட் காலை என் மகளின் சமையலறையில், அடுப்பின் மேல் பொங்கற் பானை. மகள் பானையைப் பார்த்து முகம் சுளித்தாள். "என்னப்பா இது? வாடின கீரை மாதிரி. சாமிக்கு இதையோ கட்டுறது? வாழையிலையில ஒரு கீறல் கிடந்தாலும் மாத்தச் சொல்லுற ஆள் நீங்கள்!"

"கிடக்கட்டும் பிள்ளை" என்றேன்.

ஊரில் வேலியோரத்தில் பிடுங்கிய மஞ்சளைக் கட்டியிருக்கிறேன். சந்தையில் வாங்கியதையும் கட்டியிருக்கிறேன். அது யார் கைப்பட்டு, எவ்வழியாக என்னிடம் வந்ததென்று ஓராண்டும் நினைத்துப் பார்த்ததில்லை. அன்று முடிச்சுப் போடும்போது ஒவ்வொரு கையாக நினைத்தேன்: பாலத்தடியில் மணல் வீசிய கை, விரல் விறைக்கப் பெட்டி இறக்கிய கை, கிழங்கைக் கீறிப் பார்த்துவிட்டு விற்கமாட்டேன் என்று ஒதுக்கிய கை. பால் பொங்கி எழுந்தது. அதன் ஆவி பட்டதும் அந்தக் கருத்த இலைகள் இளகி, பச்சை இலை ஒருநாளும் தந்திராத மணத்தைத் தந்தன. மகள் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்று, மூச்சை உள்ளே இழுத்தாள். பிறகு, பானையைச் சுற்றி அவிழ்ந்து தொங்கிய ஓர் இலையை எடுத்துச் செருகிவிட்டாள்.