அண்ணன் வண்டிக்கு எண்ணெய் மாற்றியது

பட்டறைப் பக்கம் அவனை எல்லோரும் மோப்பம் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வண்டி வந்தாலும் கியர் பெட்டியின் எண்ணெய் அளவுக் குச்சியை உருவி, நிறம் பார்ப்பதற்கு முன்னால் மூக்கருகே கொண்டுபோவான். அதனால் வந்த பெயர். கோபம் வந்தால் அவன் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். கிளட்ச் மிதி இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டிகளைப் பிரித்துப் பூட்டியே வயிறு வளர்த்தவன்.

சர்க்கரை நோயில் அண்ணனுக்கு இடது கால் போனபோது, இந்தப் பழைய பிக்கப்பைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவனும் அவன்தான். கிளட்ச் கிடையாது, ஒற்றைக் கால் போதும். மரக்கடைக்குப் பலகை ஏற்றப் போன அண்ணன், வழியில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் மறுபடி சண்டை பிடிக்க ஆரம்பித்தான். அதைக் கேட்ட பிறகுதான் வீட்டுக்கு உயிர் வந்தது.

அன்று காலை அண்ணனே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"மேட்டுல ஏற மாட்டேங்குதுடா. கத்துறது மட்டும் கத்துது, இடத்தை விட்டு நகர மாட்டேங்குது. உங்க அண்ணி மாதிரி."

இன்ஜினை ஓடவிட்டு, சூடேறியதும் மோப்பம் குச்சியை உருவினான். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் தார் போல இருந்தது. கருகல் வாடை மூக்கைச் சுட்டது.

"கடைசியா எப்போண்ணே மாத்தினே?"

"மாத்தறதா? குறைஞ்சா ஊத்துவேன். அது எதுக்கு மாத்தணும்?"

"எண்ணெய் கருகிக் கிடக்குது. உள்ளே பிளேட்டெல்லாம் தேய்ஞ்சு, அந்தப் பொடிதான் இப்போ பிடிமானம் குடுக்குதுன்னு நினைக்கிறேன். புதுசு ஊத்தினா கழுவிட்டுப் போயிடும். அப்புறம் வண்டி அசையவே அசையாது. அப்படியே விட்டா இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும்."

"இழுத்துக்கிட்டுக் கிடக்கிற பொழைப்பு எனக்கு ஒருத்தனுக்குப் போதும். நீ மாத்துடா."

அண்ணன் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு மரக்கடைக்குப் போய்விட்டான். அவன் தலை மறைந்ததும் அண்ணி வந்தாள். எங்கோ நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"தம்பி, இந்த வண்டி திரும்ப வீட்டுக்கு வரக்கூடாது."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"சர்க்கரை கண்ணுக்கும் ஏறிடுச்சு. ஒரு கண்ணு சுத்தமா போச்சு, இன்னொண்ணுல பாதிதான். போன வாரம் எதிர்வீட்டுப் படி மேல ஏத்திட்டு, படியைத் தள்ளிக் கட்டியிருக்கான்னு அந்த வீட்டுக்காரன்கிட்டயே சண்டைக்குப் போறார். அந்தப் படியிலதான் எந்நேரமும் குழந்தைங்க உக்காந்திருக்கும்."

"சாவியை எடுத்து வெச்சுடுங்க அண்ணி."

"வெச்சேன். ரெண்டு நாள் பச்சைத் தண்ணி குடிக்கல. நான் பிடுங்கினா சாகிற வரைக்கும் என்னைக் கரிச்சுக் கொட்டுவார். வண்டி தானா செத்துப்போச்சுன்னா அழுதுட்டு விட்டுடுவார். உனக்கா வழி தெரியாது?"

வழி தெரியாமல் இல்லை. வண்டி எண்ணெய் வாங்கப் போன கடையில் எல்லா வண்டிக்கும் ஆகும் என்று எழுதிய டப்பா ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இந்தப் பழைய பெட்டிக்கு அது ஆகாது, பிளேட் பிடிக்காமல் வழுக்கும். எடுத்தான். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு அதை வைத்துவிட்டு, வண்டிக்கு உரிய பழைய ரகத்தைக் கேட்டு வாங்கினான். சரியான எண்ணெயை ஊற்றினாலும் பெட்டி சாகத்தான் போகிறது, அந்தப் பாவம் நம் தலையில் விழ வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பெட்டியின் எண்ணெய்த் தட்டைக் கழற்றினான். கறுப்பு எண்ணெய் தொட்டியில் கொட்டியது. இரும்புத் தூளைப் பிடித்துவைக்கத் தட்டுக்குள் ஒட்டியிருந்த காந்தத்தை விரலால் வழித்தான். நைசான சாம்பல் பசை. பிளேட் சில்லு ஒன்றுகூட இல்லை. வடிகட்டியைப் பார்த்தான், அடைத்துப் போயிருந்தது. மூச்சுத் திணறிய பெட்டிதான் இத்தனை நாள் கத்தியிருக்கிறது. காலையில் அவன் சொன்னது தப்பு. இந்தப் பெட்டி பிழைத்துக்கொள்ளும்.

பழைய வடிகட்டியையே திரும்ப மாட்டினால் போதும். யாருக்கும் தெரியாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியிலேயே மல்லாந்து கிடந்தான். ஆனால் வேலை பழகிய கை, அது பாட்டுக்குப் புதியதை எடுத்து மாட்டிவிட்டது. திருகை இறுக்கும்போதுதான் அவனுக்கே அது உறைத்தது.

மாலை அண்ணன் வந்து ஏறி உட்கார்ந்தான். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் கிளம்பியது. தெருமுனை மேட்டில் ஏறி மறைந்தது. பட்டறை வாசலில் நின்ற அண்ணி மோப்பத்தை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மேட்டின் மேலே வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. மோப்பம் தெருவுக்கு நடுவில் போய் நின்றான். சாயங்கால வெளிச்சம் இன்னும் நன்றாகவே இருந்தது. வண்டி நேராக அவனை நோக்கி இறங்கியது. ஹாரன் அடிக்கவில்லை. வேகம் குறையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அண்ணன் முகம் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தான்.

"தம்பீ!" என்று அண்ணி அலறினாள்.

கடைசி நொடியில் அவன் பக்கவாட்டில் பாய்ந்தான். பக்கக் கண்ணாடி முழங்கையில் அடித்து நொறுங்கியது. வண்டி சற்றுத் தள்ளிப் போய் நின்றது.

"என்னமோ தட்டுச்சே, நாயா?" என்றான் அண்ணன்.

"நான்தாண்ணே. நடுத்தெருவுல நின்னேன்."

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. பிறகு இன்ஜினை அணைத்தான்.

"கியர் வெண்ணெய் மாதிரி விழுதுடா" என்றான். "நல்லாத்தான் பண்ணியிருக்கே."

சாவியை உருவி ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். மோப்பம் நின்றிருந்தது வண்டிக்கு மறுபக்கம். நீட்டிய கை ஆளில்லாத இடத்தில் காத்திருந்தது. முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அவன் வண்டியைச் சுற்றி நடந்தான்.